மாதையன் மேல் விழுந்த துண்டு

நம்பாதவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். உங்களைக் கெஞ்சி நம்பவைக்க எனக்கு நேரமில்லை. பேய் என்று எவனாவது வாயைத் திறந்தால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குத் திருச்செங்கோடு. ஜப்பானில் மட்டுமே விற்கிற ஒரு குத்துச்சண்டை கம்ப்யூட்டர் கேமைக் காசு செலவழித்து வரவழைத்திருந்தேன். கார்ட்டூன் ஆட்கள், முட்டைக் கண்கள், முள்ளாக நிற்கும் தலைமுடி. அதில் கைவைத்து 'மெருகேற்றியது' இளம்பிள்ளை ஊர்க்காரன் கலையரசன், என்னோடு காலேஜில் படித்தவன். தமிழ் எழுத்து சேர்த்தான். குத்து விழும் சத்தத்துக்குத் தன் வீட்டு விசைத்தறிச் சத்தத்தை வைத்தான். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு.

கடைசியாகத் தன் அண்ணன் மாதையனையும் ஒரு ஆளாக உள்ளே கொண்டுவந்தான். மாதையன் நிஜமாகவே பாக்ஸர். சேலத்தில் ஒரு போட்டியில் அடி தாங்காமல் தள்ளாடினான். மூலையில் துண்டோடு நின்றவன் இந்தக் கலையரசன். துண்டை உள்ளே வீசினால் தோற்றதாக ஒப்புக்கொண்டு ஆட்டம் நின்றுவிடும். "போடுடா, போடுடா" என்று கோச் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். இவன் போடவில்லை.

"உசுரோட இருக்கறவன் மேல வெள்ளத் துணியப் போடறதா? அது பொணத்துக்குப் போடற கோடிடா" என்றான் என்னிடம்.

மாதையன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூச்சு விடுவதற்கு மிஷின். இது நடப்பதற்கு முந்தின நாள்தான் ஒரு விரலை அசைத்தானாம். பிழைத்துக்கொள்வான் என்று அவன் அம்மா சின்னாயி கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கலையரசன் போன் செய்தான்.

"மாப்ள, துண்டையே கேம்லருந்து எடுத்துட்டேன். அண்ணன ஜெயிக்க உடு. அது போதும்."

இதைவிட மடத்தனம் உண்டா? ஒரு முழத் துணிக்குப் பயந்து அண்ணனைப் படுக்கையில் தள்ளியவன், எனக்கு விளையாடச் சொல்லித் தருகிறான். பற்றிக்கொண்டு வந்தது. துண்டு இருந்த பழைய ஃபைலைத் தேடி எடுத்து மறுபடி கேமுக்குள் போட்டேன். தோற்கிற ஆள் மேல் அவன் மூலையிலிருந்து வந்து விழும் வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சிவப்பாக நாலு ஜப்பான் எழுத்து. அவன் அண்ணன் மேல் அது விழுவதை வீடியோ எடுத்து அனுப்பி, 'பார், ஒரு மண்ணும் ஆகவில்லை' என்று அவன் மூஞ்சியில் கரி பூச வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

பட்டப்பகல். பதினொன்றே முக்கால். வீட்டில் நான் மட்டும்தான்.

மாதையனை வெளுத்து வாங்கினேன். முதல் ரவுண்டிலேயே ஒன்று உறுத்தியது. அவன் என் ஆளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

அப்புறம் ஒரு சத்தம். ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக். லாரி பிரேக் காற்று விடுகிற மாதிரி. கலையரசன் சேர்த்த இன்னொரு குப்பை என்று நினைத்தேன்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. என் லேப்டாப்பில் பேட்டரி செத்து ஆறு மாதம். கரண்ட் போன நொடியே அணைந்துவிடும்.

அணையவில்லை.

ஸ்ஸ்... டக்.

மாதையன் விழுந்தான். கையில் கிளவுஸ் இல்லை. அது எப்போது போனது?

படுத்தபடியே ஒரு விரலை அசைத்தான்.

கீழே தமிழ் எழுத்து ஓடியது.

போடாதீங்க...

நான் கையை எடுத்துவிட்டேன். சத்தியமாக எதையும் அமுக்கவில்லை.

துண்டு வந்தது. அவன் மூலையிலிருந்து இல்லை. அந்த மூலை காலி.

என் பக்கத்திலிருந்து...

என் தோளை உரசிக்கொண்டு சர்ரென்று ஒரு காற்று.

அவன் முகத்தை மூடியது.

ஸ்ஸ்...

டக் வரவில்லை.

திரை அணைந்தது. மணி பன்னிரண்டு ஏழு.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மாப்ள... அண்ணன் போயிட்டாண்டா. பன்னண்டு ஏழுக்கு."

தற்செயல் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் பைக்கில் இளம்பிள்ளைக்குப் போனேன்.

மாதையன் முகத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. சின்னாயி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத ஆரு போட்டது சாமி? நாங்க இன்னும் கோடியே எடுக்கல. ஆஸ்பத்திரிலயே மொவத்த மூடியிருந்துச்சு. நர்சம்மாவக் கேட்டா, நாங்க போடலீங்கறாங்க."

ஊரே தறிக்காரர்கள். நாலு பேர் துண்டைத் தடவிப் பார்த்து, இது நம்ம பக்கத்து நெசவே இல்லை என்றார்கள். ஓரத்தில் சிவப்பாக இருந்ததை ஏதோ பூ டிசைன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கலையரசன் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நாந்தான் கேம்லருந்து எடுத்துட்டேனே, மாப்ள" என்றான்.