திரும்பிப் போய்க் கேட்டார்களா?

பச்சைப் பென்சிலை வலது காதில் செருகிக்கொண்டு, சிவப்புப் பென்சிலைத் தேடுகிறார் பென்சில் மேடம். அது இடது காதில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அவருடைய துறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மூச்சு விட மாட்டார்கள். தேடும்போது அவர் திட்டுவதைக் கேட்பதில் தனி சுகம்.

வேலை இதுதான். சதுப்பு நிலங்களைப் பற்றி மக்களுக்கு எப்படிப் பாடம் சொல்கிறார்கள் என்று யார் எங்கே ஆய்வு செய்தாலும், அதைப் படித்துக் கட்டம் போட்ட தாளில் ஏற்ற வேண்டும். கட்டத்துக்கு ஒரு கேள்வி; ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. முப்பது வருடத்துக் கட்டுரைகள், நானூற்றுப் பன்னிரண்டு. முதலில் எல்லோரும் பறவைப் படம் காட்டினார்கள். அப்புறம் கைப்பேசி விளையாட்டு வந்தது. இப்போது கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு அதற்குள் சேற்றைக் காட்டுகிறார்கள்.

"பஸ் ஏறினா அரை மணி நேரத்துல அசல் சேறு. அதுக்கு எதுக்குய்யா மூஞ்சில டப்பா?" என்பார். மேசைக்கடியில் அவருடைய ரப்பர் பூட்ஸ் காய்ந்த சேற்றோடு நிற்கும். கூட்டுகிற அக்கா அதைத் துடைத்து வைத்தால் அன்றைக்கு ஒரு பாட்டு உண்டு.

தாளின் கடைசிக் கட்டம் அவருடைய சொந்தச் சேர்க்கை: 'திரும்பிப் போய்க் கேட்டார்களா?' பாடம் நடத்திய அன்றே பரீட்சை வைத்து, தொண்ணூறு மதிப்பெண் வந்ததும் 'விழிப்புணர்வு பெருகியது' என்று எழுதிவிட்டு மூட்டை கட்டுவது இந்தக் கூட்டத்தின் பழக்கம். பிற்பாடு போய்க் கேட்டவை ஒன்பது கட்டுரைகள். மற்ற நானூற்று மூன்றும் சிவப்பு. முதல் சிவப்பு அவருடைய கட்டுரைக்கே.

இந்தக் கட்டம் வந்ததற்குக் காரணம் ஒரு லாரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நாற்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் நடத்திய அதே சதுப்பில், போன மாதம் அது மண் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, "டீச்சர்! என்னைத் தெரியல? உங்க பரீட்சைல நான்தான் நூத்துக்கு நூறு!" என்று கத்தினான். பாசமாகத்தான் கத்தினான். அன்று துறைக்குத் திரும்பியவர் யாரையும் திட்டவில்லை. துறையே பயந்துபோனது.

இன்று துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தாளை வைத்து மேடம் எழுதிய கட்டுரை அவர் கையெழுத்தோடு வெளியே போனால்தான் மேடத்தின் ஒப்பந்த வேலை நீடிக்கும்.

"பிரமாதம்மா. வருஷா வருஷம் ஆய்வுகள் கூடிக்கிட்டே போற கிராஃப் ஒண்ணு போதும். கடைசிக் கட்டத்தை மட்டும் தூக்கிடுங்க. எல்லார் மூஞ்சிலயும் கரி பூசுது."

"மொதல்ல என் மூஞ்சிலதான் சார் பூசிக்கிட்டேன்."

"அதுல என்னோட கட்டுரை ஏழு இருக்கு."

"தெரியும் சார். ஏழும் சிவப்பு."

"கட்டம் இருந்தா கையெழுத்து இல்ல. வேலை போயிடும், பாத்துக்குங்க."

"போகட்டும் சார். கட்டம் இருக்கட்டும்."

மேடம் கையோடு கொண்டுவந்த பையிலிருந்து பூட்ஸை எடுத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து மாட்டினார். வெள்ளைக் கம்பளத்தில் சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. பையில் மிச்சமிருந்தது பழைய கேள்வித்தாள், நாற்பது பிரதி.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க?"

"திரும்பிப் போய்க் கேக்கத்தான். மொதல்ல அந்த லாரிக்காரன்."

இந்தத் தடவை தேடவே இல்லை. இடது காதிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துத் தலைவர் மேசைமேல் வைத்துவிட்டு, பச்சையோடு மட்டும் நடந்தார்.