கேசிகாவின் குரல் மட்டும்

கேசிகா மன்னாரிலிருந்து இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்தபோது கைக்குழந்தை. தாய் றோசமலர் வீடு வீடாகத் துப்புரவு வேலை செய்து அவளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தாள். மகள் எடுத்த பாடம் இத்தாலிய இலக்கியம்.

“உதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?” என்று தாய் கேட்டது அவள் காதில் ஏறவில்லை. பதினான்கு வரிக் கவிதை என்ற வடிவம் பிறந்ததே சிசிலியின் அரசவையில்தான் என்று படித்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. பிரான்சும் இங்கிலாந்தும் காதலைச் சொல்லக் கடன் வாங்கியது தன் ஊரிடம்! தன் ஊர் என்றால் அவளுக்குப் பலேர்மோதான்.

படிப்பு முடிந்ததும் உல்லாசக் கப்பல் பயணிகளுக்கு வழிகாட்டியானாள். அரண்மனை வாசலில் நின்று அந்தப் பழைய வரிகளை அவள் மனப்பாடமாகச் சொன்னால் கூட்டம் அசையாது. ஆனாலும் புகார்கள் வந்தன. நன்றாகத்தான் பேசுகிறாள், எங்களுக்கு ஓர் இத்தாலியர் வேண்டும் என்றார்கள்.

“எனக்கு ஒன்றுமில்லை, வாடிக்கையாளர்கள்தான் கேட்கிறார்கள்,” என்றார் முதலாளி. “உன் குரல் அருமை. அதைப் பதிவு செய்து, பயணிகள் காதில் மாட்டும் கருவியில் போடுவோம்.”

வேறு வழி தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். பதிவு முடிந்ததும் வேலை போனது. கொடி பிடித்து முன்னே நடக்க ஓர் இத்தாலியரை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு காலை பல்லரோ சந்தையில் தாயும் மகளும் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பெண்மணி முகம் சுளித்து, உதட்டில் விரல் வைத்தாள். அவள் காதிலிருந்த கருவியிலிருந்து கசிந்தது கேசிகாவின் குரல்.

“அது நான்தான்,” என்றாள் கேசிகா ஆங்கிலத்தில்.

பெண்மணி கருவியைச் சற்று விலக்கி, “வேண்டாம், நன்றி,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்திருப்பாள்.

“என்னவாம்?” என்றாள் தாய். கேசிகா சொன்னதும் மீன்பையைக் கீழே வைத்தாள். “குரல் வேணுமாம், முகம் வேண்டாமாமோ?”

குரலை எடுத்துவிடச் சொல்லிக் கேசிகா அன்றே முதலாளியிடம் போனாள். அவர் ஒப்பந்தத்தைக் காட்டினார். வேறு நிறுவனங்களும் அவளை எடுக்கவில்லை.

இப்போது தேவாலய மண்டபத்தில், புதிதாக வந்த தமிழர்களுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறாள். மருத்துவரிடமும், வதிவிட அனுமதியான பெர்மெஸோ வழங்கும் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்திலும் பேசத் தேவையான வாக்கியங்கள் மட்டும்.

“ரீச்சர், இவையின்ரை கவிதை ஒண்டும் படிப்பிக்க மாட்டியளோ?” என்று வகுப்பிலிருந்த அகஸ்ரின் ஒருநாள் கேட்டார். சமையற்கூடத்தில் வேலை செய்பவர்.

“அது எங்களுக்கு இல்லை அண்ணை,” என்றாள் கேசிகா. அவர் மேற்கொண்டு கேட்பதற்குள், ‘என் பெர்மெஸோ எப்போது கிடைக்கும்?’ என்பதை இத்தாலியனில் எழுதி, எல்லோரையும் உரக்கச் சொல்லச் சொன்னாள்.