கண்ணில்லாத பூனையும் ஐந்து புத்தக அடுக்குகளும்

எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் செய்வதற்கென்றே சில காரியங்கள் இருக்கின்றன. பைபாஸ் ரோட்டோரம் மனை பார்க்கலாம். விடிந்ததும் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடக்கலாம். கோயில் கமிட்டியில் சேர்ந்து அடுத்த வாரமே கோபித்துக்கொண்டு வெளியே வரலாம். நான் இது எதையும் செய்யாமல், இரண்டு கண்ணும் தெரியாத, பதின்மூன்று வயதான, சிறுநீரகம் பாதி கெட்டுப்போன பூனை ஒன்றைத் தத்தெடுத்தேன். கோவில்பட்டியில் இப்படி ஒரு ஆள் இருப்பதைத் தெருவில் பலரும் முதலில் நம்பவில்லை. பிறகு என்னைப் பார்த்துவிட்டு நம்பினார்கள்.

யோசனை பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுடையது. "உங்க ரெண்டு பேருக்கும் பேசிக்கிட ஒரு விஷயம் வேணும்ப்பா" என்றாள். நாங்கள் பேசாமல் ஒன்றும் இல்லை. தரையில் அடுக்கிக் கிடக்கும் புத்தகங்களை எப்போது எடுப்பீர்கள் என்று மனைவி கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்வேன். இருபத்தாறு வருடங்களாகத் தடையில்லாமல் நடந்துவரும் உரையாடல் அது. பல தம்பதிகளுக்கு இந்த அளவு கூடக் கிடையாது.

தூத்துக்குடியில் ஒரு அம்மாள் தெருவில் விடப்பட்ட பூனைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கிறார். குட்டிகளை ஆட்கள் வந்து கொண்டுபோய்விடுகிறார்கள். கிழங்கள் அப்படியே தங்கிவிடுகின்றன. நான் பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் மூன்றே கேள்விகள்தான் கேட்டார். இந்த அம்மாள் போனில் ஒரு மணி நேரம் கேட்டார். வீட்டில் பகலில் ஆள் இருக்குமா? மாத்திரையை வாயைத் திறந்து போடத் தைரியம் உண்டா? கடைசியாக, "சார், வீட்டுல சாமான் எல்லாம் அடிக்கடி இடம் மாத்துவீங்களா? இவளுக்குக் கண்ணு இல்ல. ஒரு தடவை பழகுன தடத்துலதான் நடப்பா."

"எங்க வீட்ல இருபது வருசமா ஒரு பொருளும் நகரலம்மா" என்றேன். என் சோம்பேறித்தனத்தை ஒரு தகுதியாக ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான்.

வாடகைக் காரில் கூடையோடு திரும்பினோம். புறப்பட்டதிலிருந்து கத்திக்கொண்டே வந்த பூனை, எப்போதும்வென்றான் என்ற ஊர் வந்ததும் நிறுத்தியது. ஊர்ப் பெயரைப் பார்த்து நல்ல சகுனம் என்று நான் மனைவியிடம் சொன்னேன். மனைவி மடியிலிருந்த கூடையைத் தூக்கி, நனைந்த சேலையைப் பார்த்தாள். கத்தலை நிறுத்தியதற்குக் காரணம் வேறு.

நல்ல வெளிச்சத்தில் அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். ஒரு கண் தைத்து மூடப்பட்டிருந்தது. மற்றது சோழி மாதிரி வெளுத்திருந்தது. வாயில் நான்கு பற்கள். மொத்தத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் சரியில்லாத விடைத்தாளைத் திருத்தும் முகம். மகள் வாட்ஸ்அப்பில் பதினெட்டுப் பெயர்கள் அனுப்பினாள், அதில் பாதி ஜப்பானியப் பெயர்கள். மனைவி சமையலறையிலிருந்து, "ஏட்டி, இங்கன வா" என்றாள். பூனை காதைத் திருப்பியது. அதோடு பெயர் ஏட்டி என்று முடிவாயிற்று.

பூனை ஒதுங்குவதற்கு மணல் தட்டு வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். கடையில் பாக்கெட்டாக விற்பார்களாம். சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணாகக் கிடக்கும் ஊரில் மண்ணை யாராவது கடையில் வாங்குவார்களா என்று நான் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குப் போய், அருமையான கரிசலை அள்ளி வந்து தட்டில் நிரப்பினேன். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன். இதில் நீர் பட்டால் செருப்பைக்கூடத் திருப்பித் தராது என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தது எதுவும் தேவையான நேரத்தில் நினைவுக்கு வராது என்பதுதான் என் அறிவின் தனிச்சிறப்பு. பூனை ஒருமுறை போய்விட்டு வந்தது. நான்கு காலிலும் கரிசல் பூட்ஸ். கூடம், படுக்கை, வெள்ளைத் தலையணை உறை, எல்லா இடத்திலும் கறுப்புத் தடம்.

மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் உழுதிருக்கா. உளுந்து விதைச்சிருவமா?"

ஒரு மாதத்தில் ஏட்டி வீட்டைப் படித்து முடித்தது. உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் அதன் இருப்பிடம். சமையலறை வாசலில் சாப்பாட்டுத் தட்டு. இடையில் கூடம். கூடத்தின் தரையில் என் புத்தகங்கள், ஐந்து அடுக்கு. வாசிக்கப்போகிறவை, வாசித்ததாகச் சொல்லிக்கொள்பவை, அகராதிகள், நண்பர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்ததால் எறிய முடியாதவை, ஐந்தாவதாக, ஏன் இருக்கின்றன என்று எனக்கே தெரியாதவை. கட்டிலடியிலிருந்து வெளியே வந்து, முதல் அடுக்கில் மீசையை உரசி, இரண்டாவதில் நேராக நடந்து, அகராதியில் இடதுபக்கம் திரும்பி, தட்டுக்கு வந்து சேரும். ஒரு தடவைகூட முட்டாது. தமிழ் அகராதியை இந்த ஊரில் தினமும் மூன்று வேளை பயன்படுத்திய ஒரே ஜீவன் அதுதான்.

மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தோல்வியைக் கணக்காக ஒப்புக்கொள்ளத் தெரிந்தவள். "சரி, பூனைக்காக இருக்கட்டும்" என்று ஒருநாள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை உரையாடல் அத்தோடு நின்றது. எனக்கு அது கொஞ்சம் வெறிச்சென்றுகூட இருந்தது.

சரஸ்வதி பூசை வந்தது. வருடாவருடம் எங்கள் வீட்டில் நான்கைந்து புத்தகங்களை மட்டும் சந்தனம் வைத்துச் சாமி அறையில் படத்துக்கு முன்னால் வைப்போம். இந்த வருடம் எனக்கு ஆசை பெருத்துவிட்டது. ஐந்து அடுக்கையும் கோபுரமாக அடுக்கி, மாலை போட்டு, போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும். பூசைக்கு இரண்டு நாள் முன்னாலேயே நானே தூசி தட்டி எல்லாவற்றையும் சாமி அறைக்குச் சுமந்தேன். காலியான தரையைப் பார்த்ததும் மனைவிக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பல வருட ஆவல். ஃபினாயில் ஊற்றித் தேய்த்தாள். பீரோவை இழுத்து அதன் பின்னாலும் தேய்த்தாள். கூடம் அரசாங்க ஆஸ்பத்திரி மாதிரி பளபளத்தது.

பூனையை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அன்று மாலை கட்டிலடியிலிருந்து வந்த ஏட்டி, முதல் அடுக்கு இருந்த இடத்துக்கு வந்து முகத்தை நீட்டியது. அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டடி நடந்து பீரோவில் முட்டியது. திரும்பிக் கட்டிலடிக்குப் போய்விட்டது. சத்தத்துக்குப் பயந்திருக்கும் என்றேன். மறுநாளும் வரவில்லை. தட்டைக் கட்டிலடிக்கே கொண்டுபோய் வைத்தோம். ஃபினாயில் வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குக் கவலைதான். ஆனால் மாவிலை பறிக்க வேண்டியிருந்தது.

பூசையன்று காலை பத்து மணிக்குத் தீபாராதனை முடிந்தது. போட்டோ எடுத்தேன். மகள் உடனே பதில் அனுப்பினாள்: "சூப்பர்ப்பா. ஏட்டி எங்க?"

குனிந்து பார்த்தேன். கட்டிலடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கையை வைத்தும் தலையைக்கூடத் தூக்கவில்லை. மூக்கு காய்ந்திருந்தது.

ஆயுத பூசையன்று கோவில்பட்டியில் எதுவும் ஓடாது. தீப்பெட்டி ஆபீஸ் மிஷின், லேத்துப் பட்டறை, லாரி, ஆட்டோ எல்லாம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். ஆடுமாடு பார்ப்பவர், எங்களுக்காகப் பூனைக்கும் புத்தகம் பார்த்துப் படித்துக்கொண்டவர்.

"அண்ணாச்சி, என் ஸ்டெதாஸ்கோப் பூசையில சந்தனப் பொட்டோட இருக்கு" என்றார். "வேணும்னா எடுத்துட்டு வாரேன், அது ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. வீட்ல எதையாவது மாத்துனீங்களா?"

சொன்னேன்.

"கண்ணில்லாத ஜீவனுக்கு வீடே காணாமப் போச்சு, அண்ணாச்சி. அது எங்கன இருக்கோம்னு தெரியாம ஒடுங்கிக் கெடக்கு. கிட்னி ஏற்கெனவே பாதி. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வாயில ஏதாவது போகணும். நாளை வரைக்கும் பட்டினி கெடந்தா, நான் ஊசியோட வந்தாலும் செய்யுததுக்கு ஒண்ணும் இருக்காது. முதல்ல எல்லாத்தையும் பழைய எடத்துல வைங்க. சாப்பாட்டைச் சூடாக்கி வைங்க, வாசம் வரட்டும். அப்பவும் வரலைன்னா கூப்பிடுங்க, வாரேன்."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். இரண்டு பேரும் சாமி அறை வாசலில் போய் நின்றோம். கோபுரம் கதம்ப மாலையோடு நின்றது. பூசை போட்ட புத்தகத்தை மறுநாள் காலை மறுபூசை ஆகும்வரை தொடக்கூடாது. அவள் சிறுபிள்ளையிலிருந்து ஒருமுறையும் தொட்டதில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் பூசை வந்த வருடத்தில்கூட.

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. கூட்டங்களில் அப்படித்தான் பேசுகிறேன், கைதட்டும் கிடைத்திருக்கிறது. ஆகவே எடுக்க வேண்டியவன் நான்தான். போய் மேல் புத்தகத்தின் மீது கையை வைத்தேன். சந்தனப் பொட்டு விரலில் ஒட்டியது. கை அதற்கு மேல் நகரவில்லை. அதற்கு நான் இன்றுவரை ஒரு நல்ல விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"தள்ளுங்க" என்றாள் மனைவி. சாமி படத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்காளிடம் சொல்வது மாதிரி சொன்னாள்: "தாயே, வாசிக்கதுக்கு எடுக்கல. இடம் மாத்தத்தான் எடுக்கேன். அங்கன ஒரு வாயில்லாச் சீவன் பட்டினியா கெடக்கு. வாசிக்க ஆளும் இந்த வீட்ல யாரும் இல்ல, இவிய சும்மா அடுக்கி வைப்பாவ."

மாலையைக் கழற்றினாள். அடுக்கைத் தூக்கினாள்.

முதலில் பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினோம். பிறகு வெறும் தண்ணீரில் கூடத்தை மூன்று முறை துடைத்தாள். அகராதிகளை நான் பீரோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"அங்கன இல்ல. ஒரு சாண் இந்தப் பக்கம்."

"இங்கதான் இருந்துச்சு. என் புத்தகம், எனக்குத் தெரியாதா?"

"புத்தகம் உங்களது. தினம் அதைச் சுத்திப் பெருக்குதது நான். தரை ஓடு வெடிச்சிருக்கு பாருங்க, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். முதுகு சுவரைப் பாத்து இருக்கும். பச்சை அட்டை மேல."

குனிந்து பார்த்தேன். ஓட்டில் வெடிப்பு இருந்தது. எங்கள் ஊரில் கரிசல் உப்பிச் சுருங்கி எல்லா வீட்டுத் தரையும் இப்படி வெடிக்கும். அந்த வீட்டில் இருபது வருடமாக நடந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. ஐந்து அடுக்கையும் அவள்தான் வைத்தாள். எது மேலே, எது கீழே, எது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் என்பது வரை. இத்தனை வருடமும் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவற்றை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அடுப்பில் ஒரு பக்கம் சுண்டல். இன்னொரு பக்கம் வெந்நீரில் பூனையின் மீன் பாக்கெட். பூசை நாளில் அந்த வாடை எங்கள் சமையலறையில் எழுந்தது அதுவே முதல்முறை. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டில் பிழிந்தாள்.

கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க."

வெயில் ஜன்னலில் இறங்கிய நேரத்தில் கட்டிலடியில் ஒரு அசைவு. முதலில் மீசை வந்தது. பிறகு மூக்கு. முதல் அடுக்குக்கு வந்து கன்னத்தை வைத்து நின்றது, வெகு நேரம். இரண்டாவது. மூன்றாவதில் நின்று, சந்தனத்தையும் குங்குமத்தையும் முகர்ந்து, தும்மியது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். ஏட்டி இடதுபக்கம் திரும்பியது. தட்டுக்கு வந்தது. நக்கியது. நிறுத்தியது. மறுபடி நக்கியது. நான்கு வாய் இருக்கும்.

டாக்டருக்கு அவளே போன் பண்ணினாள். "நாலு வாய் சார். ஆமா. இல்ல, இன்னும் நக்கிக்கிட்டுத்தான் இருக்கா." போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுண்டலைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை மறுபூசை. புத்தகங்களைச் சாமி அறைக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. எனவே மனைவி சாமி படத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒரு ஸ்டூலில் வைத்தாள். சூடத்தட்டை ஏந்தி, ஐந்து அடுக்குக்கும் தனித்தனியாகக் காட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாவது அடுக்கின்மேல் ஏட்டி உட்கார்ந்திருந்தது. மனைவி ஒரு கணம் நின்றாள். பூனை நகரும் உத்தேசத்தில் இல்லை. மீசை கருகிவிடாமல் தட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, அதையும் சேர்த்தே சுற்றிக் காட்டினாள். பிறகு தட்டை என் பக்கம் நீட்டினாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.