லட்டு கேட்டால் என்ன சொல்வது

என் மகளுக்குப் பதினைந்து வயது. கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். ஒருநாள் டம்ளர் என் நெற்றியில் பட்டுத் தையல் போட்டார்கள். தெருவில் கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கியது என்று சொல்லிவைத்தோம்.

அவளைத் திருப்பதியில் ஒரு மனநல ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா தமிழும் தெலுங்குமாகத் தெளிவாகத்தான் சொன்னார். "வாரம் ஒருவாட்டி கூட்டிக்கினு வாங்கம்மா. பேசிப் பேசித்தான் சரியாகும். வீட்லயே இருக்கட்டும். காய்ச்சல் வந்தவங்களையெல்லாம் ஐசியூவுலயா போடறோம்?"

நகரியில் எங்கள் தெருக்காரர்கள் திருப்பதி போனால் சாமி பார்க்கத்தான் போவார்கள். என் வீட்டுக்காரரும் கேட்டவர்களிடம் சாமி பார்க்கப் போனதாகவே சொன்னார். வந்தது வினை! மலைக்குப் போய் வந்தவர்கள் நாலு வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்க வேண்டாமா? எதிர்வீட்டு அக்கா கையை நீட்டிவிட்டாள். அடுத்த வாரமும் நீட்டினாள். இவர் ஆடிப்போய்விட்டார்.

"வாராவாரம் இன்னா சொல்றது? சந்திரகிரி பக்கம் ஒரு ஹோம் கீது. ஆறு மாசம் உள்ளயே வெச்சுப்பாங்க. ஹாஸ்டல்ல சேத்துட்டோம்னு ஒரே பொய்யோட போயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேட்டைப் பூட்டிடுவாங்க, போன்ல பேசக்கூட விடமாட்டாங்க. எதுக்கும் அடங்காததுங்களுக்கு அந்த எடம். லட்டுக்குப் பயந்துக்கினு பெத்த பொண்ணைப் பூட்டி வெப்பியா?"

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் மகளின் துணியையெல்லாம் பெட்டியில் அடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பிடுங்கி வாசலில் வைத்தேன். அவர் மறுபடி தூக்கினார். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியோட கிளம்பிட்டீங்க, மலையில தங்கப் போறீங்களா? இந்தவாட்டியாவது லட்டு கொண்டாங்கடி."

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"மலைக்கு இல்ல பெரியம்மா, ஆஸ்பத்திரிக்கு. கோவம் வந்தா எனக்கு நிக்க மாட்டேங்குது. அம்மா நெத்திய ஒடச்சது நான்தான்."

சொல்லிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே பொய் சொல்ல வேணாம் நைனா. பெட்டிய உள்ள வெச்சிடட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு அவரே கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தார். வாராவாரம் டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். டம்ளர் பறப்பதும் குறைந்திருக்கிறது. ஆனால் பெட்டியிலிருக்கும் துணியைத் திரும்ப பீரோவில் அடுக்க மட்டும் இவர் விடவில்லை, எதுக்கும் ரெடியா இருக்கட்டும் என்கிறார். அவளும் காலையில் எழுந்து, அதிலிருந்தே யூனிஃபார்ம் எடுத்துப் போட்டுக்கொண்டு, மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.