பிள்ளைகளைத் தொலைத்த விதி

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு 'விதிக்காரி' என்று பட்டம். யார் எத்தனை மணிக்கு உள்ளே வரவேண்டும், யாருக்கு எவ்வளவு விடுப்பு என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் விதிகளாகப் பதிந்து வைப்பது அவள் வேலை. எட்டு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள்.

மேலே ஒரு தாய் விதி: மாதத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தால் வேலை போகும். அதன் கீழே பிள்ளை விதிகள் பதினேழு. கம்பெனி பஸ் தாமதமானால் அதில் வருபவர் கணக்கில் சேராது. கைக்குழந்தைக்காரிக்கு அரை மணி சலுகை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அழுததைக் கேட்டு, நாலு மேஜைக்கு நடையாய் நடந்து, கையெழுத்து வாங்கி அவள் சேர்த்தது.

வெள்ளிக்கிழமை அவள் லீவு. மேலாளருக்குக் கை துறுதுறுத்தது. தாய் விதியை நகலெடுத்து, மூன்றை இரண்டாக்கி, பழையதை நிறுத்திவிட்டார். நகலோடு பிள்ளைகள் வராது, நிறுத்திய தாயோடு அவையும் முடங்கிவிடும் என்பது அந்த மகானுபாவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கவுமில்லை.

திங்களன்று மழையில் கம்பெனி பஸ், வேன் எல்லாமே தாமதம். செவ்வாயன்று தொலைதூர வேன் மட்டும் மறுபடியும் தாமதம். அதில் வந்த பதினொரு பேருக்கும் கேட் திறக்கவில்லை. வேலைநீக்கக் கடிதம் மட்டும் தானாக அச்சாகி வந்தது.

அவர்களில் ஒருத்தி, பேக்கிங் பிரிவு அக்கா, கடிதத்தோடு கேட்டை ஒட்டியிருந்த விதிக்காரியின் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினாள்: "வண்டி உங்களுது, டிரைவர் உங்க ஆளு. லேட்டு மட்டும் என்னுதா?"

விதிக்காரி கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையில் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

"தெரியும், தெரியும். அந்தப் பதினேழையும் புதுசுக்குக் கீழ மாட்டிடு," என்றார் அவர். "நாளைக்கு ரோட்டைத் தோண்டறாங்க. எல்லா பஸ்ஸும் லேட்டாகி எல்லாருக்கும் ரெண்டாயிடும். இருநூறு பேர் வெளிய நின்னா என் கதி என்ன?"

"அந்தப் பதினொரு பேர்?"

"குடுத்தது குடுத்ததுதான். திருப்பி வாங்கினா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும்மா."

"நம்ம மேலயா? உங்க மேல சார்!"

அவர் முகம் கடுகடுத்தது. அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பதினொரு கடிதத்தையும் ரத்து பண்ணி எழுதிக் குடுங்க. அப்புறம் மாட்டறேன். இல்லேன்னா நீங்களே மாட்டிக்குங்க."

அவரே முயன்று பார்த்தார். கால் மணி நேரம் தட்டினார். ஒரு பிள்ளைகூட ஒட்டவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ரத்து உத்தரவில் கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவள் பக்கம் எறிந்தார்.

"உன்னை நான் பார்த்துக்கறேன்."

"பாருங்க சார். அப்படியே வெளிய நிக்கறவங்களையும் பாருங்க. ஒருத்தர் முகத்தை ஒருநாள் பார்த்திருந்தாலும், மூணை ரெண்டாக்கக் கை வந்திருக்காது."

காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் முதலில் கேட்டுக்குத்தான் போனாள். பதினேழு விதியும் காத்திருக்கட்டும். பதினொரு பேர் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள்.