ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போக ஒரு வருடம்

அந்த ஊரின் படத்தை நான் முதலில் பார்த்தது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில், எங்கள் டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தபோது. ஜூலை மாதம். மகளுக்கு மூன்று வாரமாக இருமல் விடவில்லை. எங்களுடையது பழைய மரவீடு, வாடகைக்கு இருக்கிறோம். குளிர்காலம் வந்தால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழியும். அலமாரிக்குப் பின்னால் பூசணம் கறுப்பாகப் படரும். ஸ்டாண்டில் விரித்துப் போட்ட பள்ளிச் சீருடை மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தைத் துடைப்பேன், ஹீட்டரை அறை அறையாக இழுத்துக்கொண்டு போவேன், மறுநாள் மறுபடி துடைப்பேன். இந்த வீட்டுக்கு வந்த பத்து வருடமாக எல்லாக் குளிர்காலமும் இப்படித்தான் போயிற்று.

மேசையில் கிடந்த ஒரு பயணப் பத்திரிகையைப் புரட்டினேன். சிவந்த மலை, வெள்ளை வெளேரென்ற அடிமரம் கொண்ட மரங்கள், நடுவில் வெறும் மணலாகக் கிடக்கிற ஒரு ஆறு. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் பாலைவன ஊர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். அந்த ஆற்றில் வருடத்தில் சில நாள்தான் தண்ணீர் ஓடும் என்று போட்டிருந்தது. எங்களைக் கூப்பிடும்வரை அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை.

அப்போது எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கும் ஷிஃப்ட். கணவர் லாரி ஓட்டுகிறார். ஈரோட்டில் இன்ஜினியராக இருந்தவர். என் வேலையை நம்பி இங்கே வந்தபோது அவர் படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. ஆறு மாதத்துக்கு என்று எடுத்த லாரி லைசென்ஸ் அப்படியே நிலைத்துவிட்டது. நகருக்குத் தெற்கே புக்கெகோஹி தோட்டங்களில் காய்கறி ஏற்றி, விரி என்ற இடத்தில் இருக்கும் கிடங்கில் இறக்குவார். விடிவதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுவார். நான் வேலைக்குப் போன பிறகு வருவார், நான் திரும்புமுன் தூங்கிவிடுவார். ஒரே கட்டிலில் படுத்தாலும் வாரத்தில் இரண்டு நாள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்த்தோம். மற்ற நாள்களில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதி வைப்போம். பால் வாங்கணும், மகளுக்குப் பல் டாக்டர் நான்கு மணிக்கு, இப்படி.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று அந்தத் தாளின் அடியில் எழுதினேன்: "ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போலாமா? செப்டம்பர் லீவுல?"

மறுநாள் அதன் கீழே அவர் கையெழுத்தில் "போலாம்" என்று இருந்தது.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தொடங்கினேன். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் போனில் அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். அங்கேயும் நம் ஆக்லாந்தைப் போலவே ஜூலைதான் குளிர்காலம். பகலில் இதமான வெயில், விடியற்காலையில் தண்ணீர் உறையும் குளிர். செப்டம்பரில் மழை பெய்திருந்தால் காட்டுப்பூ பூக்கும், ஈயும் மொய்க்கும். டிசம்பரில் நாற்பது டிகிரி தாண்டும். ஏப்ரலில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். போகாத ஊரின் நான்கு பருவமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. "வொய் டெசர்ட், மா?" என்றாள். அங்கே ஆகஸ்ட்டில், அடியில்லாத படகை இடுப்பில் தூக்கிக்கொண்டு மணல் ஆற்றில் ஓடும் பந்தயம் உண்டு என்றேன். அது மட்டும் அவளுக்குப் பிடித்தது. ஆனால் ஆகஸ்ட்டில் பள்ளி இருக்கிறதே என்று அவளே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் விடுமுறையைக் கெடுத்தது பாஸ்போர்ட். மகள் இங்கே பிறந்தவள், நியூசிலாந்து பாஸ்போர்ட்டில் அவள் நாளைக்கே விமானம் ஏறலாம். நாங்கள் இருவரும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள், ஆஸ்திரேலியாவுக்கு விசா எடுக்க வேண்டும். விண்ணப்பம் போட உட்கார்ந்தபோதுதான் கணவருடைய பாஸ்போர்ட் முடிய இரண்டே மாதம் இருப்பதைப் பார்த்தேன். அதைப் புதுப்பிக்கக் கொடுத்தோம். போட்டோ சரியில்லை என்று திரும்பி வந்தது, மறுபடி கொடுத்தோம். புதுப் பாஸ்போர்ட் தபாலில் வந்த வாரம் பள்ளி திறந்துவிட்டது.

"சரி, டிசம்பர்ல பாத்துக்கலாம்" என்றார் அவர். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் வெயில் கொளுத்தும் என்று தெரிந்தேதான் லீவு கேட்டேன். எங்கள் முதியோர் இல்லத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வேலை செய்கிறார், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் லீவு படிவம் எழுதுவதைத் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"நத்தாருக்கோ லீவு கேக்கிறீர்?" கிறிஸ்துமஸை அவர் நத்தார் என்றுதான் சொல்வார்.

"ஆமாங்க்கா. பாலைவனம் பாக்கப் போறோம்."

"ஓம், கேட்டுப் பாரும். நான் வந்த வருசத்தில இருந்து கேக்கிறன், இன்னும் தரேல்லை." சிரித்தபடி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்கும் தரவில்லை. அந்த டிசம்பரில் இரண்டு நர்ஸுகள் வேலையை விட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு பெரியவர்களுக்குச் சாப்பாடு ஊட்டினேன். கணவரும் ஓட்டிக்கொண்டிருந்தார். பண்டிகை வாரத்தில்தான் காய்கறிக்குக் கிராக்கி அதிகம். மகள் தோழி வீட்டில் இருந்தாள்.

ஆகவே ஏப்ரல். இந்த முறை விடக்கூடாது என்று பிப்ரவரியிலேயே லீவு வாங்கினேன். விசாவும் வந்தது. ஒரு பெரிய தாளில் ஏழு நாளுக்கும் திட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதல் நாள் ஊர். இரண்டாம் நாள் கார் எடுத்து ஐந்து மணி நேரம் ஓட்டி, எல்லாச் சுற்றுலாப் படத்திலும் வருகிற அந்தப் பெரிய சிவப்புப் பாறை. மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு பள்ளத்தாக்குக்கு மூன்று மணி நேரம். நான்காம் நாள் திரும்ப ஆலிஸ். பிறகு மேற்கு மலைத்தொடர், ஒரு பகலுக்குள் போய் வரலாம். எந்த இடத்தில் பெட்ரோல் போட வேண்டும் என்பதுகூட எழுதியிருந்தேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் நெடுந்தூரம் என்றால் பயம். ஓட்டுவது அவர்தான் என்பதை நான் யோசிக்கக்கூட இல்லை. அவர் எப்போதும் ஓட்டுகிறவர்தானே.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிக்கெட் போட லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல போற ஃப்ளைட்டா, மத்தியானமா?"

"எதுவேணா போடு."

"நீங்க சொல்லுங்க. போன உடனே கார் எடுக்கணும்ல."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் இருந்த தாளையே பார்த்தார். பிறகு சொன்னார்: "நீயும் பாப்பாவும் போயிட்டு வாங்க. நான் வரல."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "என்னங்க சொல்றீங்க?"

"வாரத்துல அஞ்சு நாள் அந்த மோட்டார்வேல உக்காந்திருக்கேன். இடுப்பு விட்டுப்போவுது. லீவுன்னா எனக்கு ஸ்டியரிங்கைத் தொடாம இருக்கணும். நீ எழுதியிருக்கறதப் பாரு. அஞ்சு மணி நேரம், மூணு மணி நேரம். அது எனக்கு லீவா?"

"இதை ஜூலைலயே சொல்லியிருக்கலாம்ல? எட்டு மாசமா நான் கிறுக்கி மாதிரி..."

"சொல்லியிருக்கலாம்." அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ எங்கிட்ட ஆசையாப் பேசறது இது ஒண்ணப் பத்தித்தான். இதையும் வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் என்ன பேசுவோம்னு இருந்துச்சு. எப்பிடியும் ஏதாவது தடங்கல் வரும், தள்ளிப்போகும்னு விட்டுட்டேன்."

பாஸ்போர்ட் திரும்பி வந்தபோதும், லீவு கிடைக்காதபோதும் அவர் குரல் ஏன் அத்தனை அமைதியாக இருந்தது என்று அப்போது புரிந்தது. நான் லேப்டாப்பை மூடினேன். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று தட்டுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

ஏப்ரலில் யாரும் எங்கும் போகவில்லை. வாங்கிய லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மகளோடு மட்டுமாவது போயிருக்கலாம், மனம் வரவில்லை. "நீர் அந்த மனுசனைக் கேட்டே திட்டம் போட்டனீர்?" என்று யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார். நடந்ததையெல்லாம் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "கேட்டேன்க்கா, போலாம்னு எழுதினாரு" என்றேன். "எழுதினவர். கதைச்சவரோ?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. வாரத்தில் ஐந்து நாள் விடியுமுன் கிளம்பிவிடுகிறவரிடம் எப்போது உட்கார்ந்து பேசுவது? ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் கூட வந்தது. அவருக்கு இடுப்பு வலி என்பதே எனக்கு மார்ச்சில்தான் தெரியும். ஷிஃப்ட் முழுதும் மற்றவர்களின் இடுப்பையும் முதுகையும் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிறவள் நான்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, ஃப்ரிட்ஜில் புதிதாக ஒரு சின்னத் தாள் இருந்தது. காய்கறிப் பெட்டியில் ஒட்டும் லேபிளின் பின்பக்கம். அவர் எழுதியிருந்தார்: "ஜூலை லீவு. நாலு நாள். ஊர் மட்டும். கார் வேண்டாம். எனக்கும் லீவு சொல்லிட்டேன்."

அந்த வார விடுமுறையில் நான் தாளில் பதில் எழுதாமல் நேரிலேயே கேட்டேன். "எனக்காக வர்றீங்களா?"

"ஆமா" என்றார். சிறிது யோசித்துவிட்டு, "எனக்குத் தூங்கணும். எங்கயோ ஒரு எடத்துல தூங்கறது, அங்க தூங்கறேன்" என்றார்.

ஜூலையில் போனோம். சிட்னியில் விமானம் மாறி, மதியம் போய் இறங்கியபோது வெயில் முகத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது. காற்றில் ஈரமே இல்லை, இரண்டு மணி நேரத்தில் உதடு வெடித்துவிட்டது. தங்கும் விடுதி ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் படுத்தார். நான்தான் கழற்றிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை. எழுந்து, டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, மறுபடி படுத்தார்.

நானும் மகளும் மணல் ஆற்றில் நடந்தோம். படத்தில் பார்த்ததுபோல்தான் இருந்தது, ஆனால் படத்தில் குப்பையும் போத்தல் சில்லும் இல்லை, மர நிழலில் கூட்டமாக உட்கார்ந்திருந்த அந்த மண்ணின் ஆதிக்குடி மக்களும் இல்லை. அவர்களில் ஒரு பெண் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்களும் தலையசைத்தோம். மகள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அப்பா ஓகேவா?" என்று தமிழில் கேட்டாள். "அலுத்துப்போயிட்டாருடா" என்றேன். "யூ டூ" என்றாள். அவள் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் விடுதிக்காரப் பெண்மணி, மலை இடுக்கு ஒன்றுக்குச் சின்ன வேன் போகிறது என்றார். கணவரிடம் தயங்கித்தான் சொன்னேன். "ஓட்டறது வேற ஆளா?" என்றார். ஆமாம் என்றதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி வழியில் அவராகவே பேசத் தொடங்கினார். வேன் ஓட்டுநர் கியர் மாற்றுவது சரியில்லை என்றார். அந்தச் சிவப்பு மலை முழுக்க இரும்புச் சத்துதான், துருவின் நிறம் அது என்றார். கல்லூரியில் உலோகங்களைப் பற்றிப் பாடம் எடுத்த பேராசிரியர் வகுப்பிலேயே தூங்கிவிடுவார் என்ற கதையைச் சொன்னார். பதினாறு வருடத் திருமணத்தில் அந்தக் கதையை நான் கேட்டதில்லை. மகள் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

மலை இடுக்கில் பாறை நிழலில் குளிர் எலும்பைத் தொட்டது. பாறைக்கு மேல் வாலபி என்கிற பூனையளவு சின்னக் கங்காரு ஒன்று உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை. திரும்பும்போது அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். வேன் குலுங்கும்போதெல்லாம் அவர் தலை கண்ணாடியில் இடித்தது. என் சால்வையை மடித்து இடையில் வைத்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆக்லாந்து திரும்பிய மறுநாளே அவர் விடியுமுன் கிளம்பிப் போனார். நான் மேலாளரிடம் பகல் ஷிஃப்ட் கேட்டேன். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை மட்டும் தந்தார்கள். அவர் இடுப்புக்குப் பிசியோவிடம் போகிறார், நான்தான் அழைத்துப் போகிறேன், காரை நான்தான் ஓட்டுகிறேன். மோட்டார்வேயில் எனக்கு இன்னும் கை வியர்க்கிறது. அவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு, "அந்த லேனுக்குப் போ, பயப்படாத" என்கிறார்.