மாமாவின் ஏழு கத்திகள்

என் மாமாவிடம் ஏழு கத்திகள் இருந்தன என்று இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மணியாச்சி ஸ்டேஷனில் சொன்னபோது உடனே நம்பிவிட்டார்கள்.

ஏழும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடந்தவை. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையின் வீட்டுச் சாமான்களைப் பாளையங்கோட்டையில் ஏலம் போட்டார்கள். நாற்காலி எடுக்கப் போன மாமா, கத்தியோடு வந்து சேர்ந்தார். மான்கொம்புப் பிடி. பெரிய கத்தி, சின்னக் கத்தி, விரல் நீள ரம்பம், பொம்மைக்கு முடி வெட்டுகிற அளவில் ஒரு கத்தரிக்கோல், துளை போடுகிற ஊசி, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்பி எடுக்கிற கொக்கி என்று ஒவ்வொன்றாக விரியும். மாமாவிடம் குதிரை கிடையாது. ஏழாவதாக முறுக்கின கம்பி ஒன்று உண்டு. சீமைச் சாராயப் புட்டியின் தக்கையைப் பிடுங்குவதற்கு உள்ளது அது. எங்கள் வீட்டில் சாராயம் என்ற சொல்லையே சொல்லக்கூடாது என்பதால், அந்தக் கம்பியை மாத்திரம் மாமா விரிக்காமலே வைத்திருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தார். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் வாத்தியாரம்மா. இவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான் வேண்டும். "கைகழுவாம சாப்பிட உக்காரக் கூடாதுன்னு உன் மாமாகிட்ட சொல்லுட்டி" என்பாள் அத்தை. "கழுவியாச்சுன்னு உன் அத்தைகிட்ட சொல்லு" என்பார் மாமா. கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் நான் இந்தச் செய்திகளைச் சுமந்து திரிந்தேன். இரண்டு பேருக்கும் ஆகாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மாமாவுக்குக் கொழும்பில் ஒரு துணிக் கிடங்கில் கணக்கர் வேலை கிடைத்தது. தூத்துக்குடியில் சாயங்காலம் கப்பல். அந்தக் கப்பலைத் தவறவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் வழியனுப்பப் புறப்பட்டோம். புறப்படுகிற அன்று காலையில், பள்ளிக்கூடத்துக்கு நூல்கண்டு வாங்கவேண்டும், தூத்துக்குடியில்தான் நல்ல நூல் கிடைக்கும் என்று, ஸ்டேஷனுக்குப் போகிற மாட்டு வண்டியில் அத்தையும் ஏறிக்கொண்டாள். வண்ணார்பேட்டைக் கடையில் நூல்கண்டு அடுக்கி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வண்டி அந்தக் கடையைத் தாண்டும்போது கையை நீட்டிக் காட்டினேன். "அது இத்துப்போன நூல்" என்றாள் அத்தை. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

மணியாச்சியில் இறங்கித் தூத்துக்குடி வண்டிக்கு மாறவேண்டும். அந்த ஸ்டேஷனில் கொஞ்ச நாளைக்கு முன்புதான் ஒரு பெரிய துரையை ரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். பெரியவர்கள் அதைப்பற்றிக் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு வெயிலைப்பற்றி மாறிவிடும். அதனால் பிளாட்பாரம் முழுக்கப் போலீஸ் நின்றதும், மீசை முளைத்த ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி மூட்டை முடிச்சை அவிழ்த்ததும் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ திருவிழா ஒழுங்கு என்றே நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது. போலீஸ்காரர் மாமாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறிவிட்டு நிமிர்ந்தார்.

"துப்பாக்கி, கத்தி ஏதும் இருக்காவே?"

"இல்ல" என்றார் மாமா. அவர் குரல் அவர் குரலாகவே இல்லை.

ஞாபகமறதியாகச் சொல்லிவிட்டார் போலும் என்று எனக்குத் தோன்றியது. "மாமா, உங்ககிட்ட ஏழு கத்தி இருக்கே!" என்றேன். ஸ்டேஷனுக்கே கேட்டிருக்கும்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குள் இரண்டு பேர் மாமாவின் தோளைப் பிடித்துவிட்டார்கள். கோட்டுப் பையிலிருந்து மான்கொம்புப் பிடி வெளியே வந்தது. தூரத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் விரைந்து வந்தார்.

"இது ஒண்ணு. மிச்சம் ஆறும் எங்கவே?"

"எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்று நான் உதவி செய்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை.

"இல்லன்னு எதுக்குய்யா சொன்னீரு? ஒளிச்சுக் கொண்டுபோறவன்தான் இல்லம்பான். இவரை அங்கன உக்கார வையுங்க. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் விசாரிப்போம்."

தூத்துக்குடி வண்டி பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. "ஐயோ, என் தம்பிக்குக் கப்பல் போயிருமே" என்று அம்மா அழத் தொடங்கினாள். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கரிசல் காட்டு வெயிலில் அவர் மட்டும் குளிரில் நிற்பவரைப்போல் நின்றார்.

அப்போது அத்தை முன்னால் வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அது என் கத்தி" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க கத்தி இவரு பையில எப்படிம்மா வந்துது?"

"பெட்டிக்குக் கயிறு கட்ட வாங்கினாக. திருப்பித் தர மறந்துட்டாக. அவுககிட்ட கத்தி கிடையாதுன்னு அவுக சொன்னது நெசந்தான்."

"பொம்பளைக்கு எதுக்கு இது?"

அத்தை கையை நீட்டினாள். என்ன நினைத்தாரோ, அவர் கொடுத்துவிட்டார். "நான் தையல் வாத்தியாரம்மா. இது பென்சில் சீவ. இது நூல் வெட்ட. இது துணியில துளைபோட்டுத் தைக்க. பூத்தையல் சட்டத்துக்கு மூங்கில் அறுக்க இந்த ரம்பம்." சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பி விரித்துக் காட்டினாள். அந்தக் கத்தியின் ஸ்பிரிங் மகா முரடு. எந்தப் பள்ளத்தில் நகம் வைக்கவேண்டும் என்று தெரியாதவர்கள் விரலைக் காயப்படுத்திக்கொள்வார்கள். மாமா என்னைத் தொடவே விட்டதில்லை. அத்தையோ கத்தியைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு விரித்தாள். தையல்காரிக்குக் கை பழக்கம் போலும் என்று வியந்தேன்.

"இந்த முறுக்குக் கம்பி?"

"மருந்துப் புட்டித் தக்கை எடுக்க."

"இந்தக் கொக்கி?"

அத்தை ஒரு கணம் திகைத்தாள். குதிரைக்கு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா அழுதுகொண்டே ஒரு முறுக்கை எடுத்து என் வாய்க்குள் திணித்தாள்.

"துரைசானிமாரு பூட்சுக்குப் பொத்தான் மாட்டுதது" என்றாள் அத்தை.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "மிஷன் வாத்தியாரம்மா பொய் சொல்லமாட்டீக. அவரை விடுங்கடே. கத்தியை நீங்களே வச்சுக்கிடுங்கம்மா, அவரு கையில குடுக்காதீக."

வண்டி நகர்ந்தது. உடைமுள் மரங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. மாமா மெல்ல எதிர்ப் பலகைப் பக்கம் கையை நீட்டினார். அத்தை கத்தியைத் தன் சுருக்குப் பைக்குள் போட்டு இறுக்கிவிட்டாள்.

"துறைமுகத்திலயும் தேடுவாக. இங்கனயே இருக்கட்டும். வேணும்னா வந்து வாங்கிக்கிடுங்க."

இந்தத் தடவை என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. அவரையே பார்த்துச் சொன்னாள். நான் பயந்துபோனேன். என்னை விலக்கிவிட்டு நேராகவே சண்டை போடுகிற அளவுக்கு முற்றிவிட்டதே என்று தோன்றியது.

"எப்ப வரணும்?" என்று மாமா கேட்டார்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காதுமடல் சிவந்திருந்தது; கோபம்தான். அம்மாவின் கண்ணீர் எப்போது நின்றதோ, கையில் மிச்சமிருந்த முறுக்கை அவளே தின்றுகொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் கப்பல் வெகு தூரத்தில் நின்றது. படகில் ஏறி உட்கார்ந்த மாமா, தலை ஒரு புள்ளியாகும்வரை கையை ஆட்டினார். இரண்டு வருஷம் கழித்துக் கத்தியை வாங்க வந்தார். அந்தக் கல்யாணத்தில் எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு என் மனதில் இருந்த கவலை வேறு. பொய் சொன்னால் நரகம் என்று எனக்குச் சொல்லித்தந்தவளே அத்தைதான். அவளை எப்படிக் காப்பாற்றுவது?

அன்று ராத்திரி தூத்துக்குடியில் அம்மாவின் பெரியம்மா வீட்டில் தங்கினோம். விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். சின்னப் பிள்ளை ஜெபம் பண்ணட்டும் என்றார்கள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாகத் தொடங்கினேன்.

"ஆண்டவரே, எங்க அத்தை இன்னைக்கு மணியாச்சியில பொய் சொன்னதை மன்னியும். மாமா மேல உள்ள கோபத்தை அவளைவிட்டு எடுத்துப்போடும். மாமா வந்து கேக்கும்போது அவள் மறுக்காமல் கொடுக்கிறதுக்கு நல்ல மனசைத் தாரும்."

ஆமென் சொல்ல ஆள் இல்லை. ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அத்தை முழங்காலில் நின்றபடி முந்தானையால் முகத்தை முழுக்க மூடியிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் அம்மாவும் அப்படியே குலுங்கினாள். பாவத்துக்காக இரண்டு பேருமே மனம் கசந்து அழுகிறார்கள் என்று கண்டு, ஜெபம் கேட்கப்பட்ட நிம்மதியோடு நானே ஆமென் சொல்லி எழுந்தேன்.